அமெரிக்க செனட் உரைகள்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க செனட்டில் யாராவது ஆவேசமாகப் பேசும் காட்சி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தால், அடுத்த நாள் எனக்கு நாலு பேராவது கேள்வி அனுப்புவார்கள். பிள்ளைகள் அங்கே வேலை பார்ப்பவர்கள், அரசியல் அறிவியல் படிக்கும் மாணவர்கள், செய்தி மொழிபெயர்க்கும் நண்பர்கள் என்று பலரும் கேட்டாலும் சந்தேகங்கள் மட்டும் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளை முடிந்தவரை 2009, 2010 ஆண்டுகளிலிருந்தே எடுத்தேன். மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் (ஒபாமாகேர்), வங்கிச் சீர்திருத்தச் சட்டம், உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு புதிய நீதிபதிகள் என மூன்று பெரிய விவகாரங்கள் அந்த இரண்டே ஆண்டுகளில் செனட்டுக்கு வந்தன. அந்த உரைகளை ஓரளவு படித்தாலே மற்ற ஆண்டுகளின் உரைகளும் பிடிபட்டுவிடும்.

செனட்டர் பேசுற வீடியோ பார்த்தேன். எதிர்ல ஒருத்தருமே இல்லையே, யாருக்குப் பேசுறார்?

அவை பெரும்பாலான நேரம் அப்படித்தான் இருக்கும். மொத்தம் 100 செனட்டர்கள். வாக்கெடுப்பு நேரத்தில்தான் கூட்டமாக வருவார்கள். மற்ற நேரத்தில் குழுக் கூட்டங்களிலோ தங்கள் அலுவலகத்திலோ இருப்பார்கள். அவை நடவடிக்கை அங்கேயும் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும். பேசுகிறவர் "மிஸ்டர் பிரசிடென்ட்" என்று விளிப்பது நாட்டின் ஜனாதிபதியை அல்ல, அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்திருப்பவரை. விதிப்படி அது துணை ஜனாதிபதியின் இருக்கை. ஆனால் அவர் அபூர்வமாகத்தான் வருவார். பெரும்பான்மைக் கட்சியின் புதிய உறுப்பினர்கள் முறை வைத்து உட்காருவார்கள்.

அப்படியானால் உரை யாருக்கு? சொந்த மாநில வாக்காளர்களுக்கு, பத்திரிகைகளுக்கு, மசோதாவைத் தயாரிக்கும் உதவியாளர்களுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக அவைக்குறிப்புக்கு. காலி நாற்காலிகளைக் காட்டி "இது நாடகம்" என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1984 மே மாதம், நாடாளுமன்றத்தின் இன்னொரு அவையான பிரதிநிதிகள் சபையில் இதே விஷயம் பெரிய சண்டையானது. நியூட் கிங்ரிச்சும் அவருடைய சகாக்களும் மாலை நேரத்தில் காலி அவையில் ஜனநாயகக் கட்சியைத் தாக்கிப் பேசிவந்தார்கள். கேமரா பேசுகிறவரை மட்டுமே காட்டியது. கோபமடைந்த சபாநாயகர் டிப் ஓ'நீல், அவை முழுவதையும் காட்டும்படி உத்தரவிட்டார். நாற்காலிகள் காலி என்பது நாட்டுக்கே தெரிந்தது. ஆனாலும் கிங்ரிச்சின் வளர்ச்சி நிற்கவில்லை. 1995இல் அவரே சபாநாயகர் ஆனார்.

இடையில பத்து, இருபது நிமிஷம் ஒண்ணுமே நடக்காம இருக்கே, அது என்ன?

அதற்குக் கோரம் அழைப்பு என்று பெயர். போதிய உறுப்பினர்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பதாகச் சொல்லி எழுத்தர் பெயர்களை மெதுவாக வாசிப்பார். உண்மையில் அது இடைவேளை. அடுத்துப் பேச வேண்டியவர் வரும்வரையோ, திரைக்குப் பின்னால் பேரம் முடியும்வரையோ நீளும். பேச வருகிறவர் முதலில் அதை நிறுத்தச் சொல்லி அனுமதி கேட்பார், அப்புறம்தான் உரை தொடங்கும்.

ஒருத்தர் எவ்வளவு நேரம் பேசலாம்?

பிரதிநிதிகள் சபையில் 435 பேர் இருப்பதால் நேரத்தை அளந்துதான் தருவார்கள். பெரிய மசோதாவுக்குக்கூட ஒரு உறுப்பினருக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான் கிடைக்கும். கட்சித் தலைவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. அவர்களுக்குக் கொடுக்கும் "ஒரு நிமிடம்" எவ்வளவு வேண்டுமானாலும் நீளலாம். 2018 பிப்ரவரியில் நான்சி பெலோசி எட்டு மணி நேரத்துக்கு மேல் பேசினார். 2021 நவம்பரில் கெவின் மெக்கார்த்தி எட்டரை மணி நேரத்தைத் தாண்டினார். 2025 ஜூலையில் ஹக்கீம் ஜெஃப்ரிஸ் அதையும் தாண்டினார். மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்டின் வெட்டுகளை எதிர்த்துப் பேசியது அவருடைய உரையின் முக்கியப் பகுதி.

செனட்டில் பொதுவாக நேர வரம்பு கிடையாது. பேச அனுமதி பெற்றவர் உட்காராமல், அவையை விட்டு வெளியேறாமல் பேசிக்கொண்டே இருந்தால் அவரை நிறுத்த முடியாது. 1957இல் ஸ்ட்ராம் தர்மண்ட் கறுப்பினத்தவரின் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். இடையில் ஒவ்வொரு மாநிலத்தின் தேர்தல் சட்டத்தையும் வாசித்தார். மசோதா எப்படியும் நிறைவேறியது. அவருடைய சாதனையை 2025 ஏப்ரல் 1 அன்று கோரி புக்கர் என்ற கறுப்பினச் செனட்டர் 25 மணி 5 நிமிடம் பேசி முறியடித்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கியது.

அப்போ ஃபிலிபஸ்டர்னா இப்படி மணிக்கணக்கா பேசுறதுதானே?

ஒரு காலத்தில் அப்படித்தான். இன்று இரண்டும் வேறு வேறு. விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக "குளோச்சர்" என்ற தீர்மானம் நிறைவேற வேண்டும். 1917இல் அந்த விதி வந்தபோது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவைப்பட்டது. 1975இல் அதை ஐந்தில் மூன்று பங்காக, அதாவது 60 வாக்குகளாகக் குறைத்தார்கள். இப்போது எதிர்க்கட்சியிடம் 41 பேர் இருந்தால் போதும். யாரும் விடிய விடிய நிற்க வேண்டாம், 60 சேராதவரை மசோதா நகராது. இதுதான் இன்றைய ஃபிலிபஸ்டர்.

நாம் பார்க்கும் நீண்ட உரைகள் பலவும் எதையும் தடுப்பதில்லை. 2013 செப்டம்பரில் டெட் குரூஸ் ஒபாமாகேரை எதிர்த்து 21 மணி நேரத்துக்கு மேல் பேசினார். தன் மகள்களுக்காகக் குழந்தைகள் கதைப் புத்தகம் ஒன்றைக்கூட வாசித்தார். ஆனால் அடுத்த நாள் வாக்கெடுப்பு எப்போது என்பது முன்பே முடிவாகியிருந்தது. விவாதத்தைத் தொடங்குவதற்கான அந்த வாக்கெடுப்பின் முடிவு 100-0. குரூஸும் ஆதரவாகவே வாக்களித்தார். 2010 டிசம்பரில் பெர்னி சாண்டர்ஸ் வரிச்சலுகை ஒப்பந்தத்தை எதிர்த்து எட்டரை மணி நேரத்துக்கு மேல் பேசியதும் இதே வகைதான்.

ஒபாமாகேருக்கு அந்த 60 ஓட்டு எப்படிக் கிடைச்சுது? பேசிப் பேசியா?

பேச்சால் மட்டும் கிடைக்கவில்லை. 2009 ஏப்ரலில் ஆர்லன் ஸ்பெக்டர் ஜனநாயகக் கட்சிக்கு மாறினார். மறுஎண்ணிக்கை, வழக்கு எல்லாம் முடிந்து ஜூலையில் ஆல் ஃபிராங்கன் பதவியேற்றார். அப்போதுதான் இரண்டு சுயேச்சைகளையும் சேர்த்துக் கட்சிக்கு 60 எட்டியது. ஆகஸ்டில் டெட் கென்னடி இறந்தார். அவருடைய இடத்துக்கு இடைக்கால உறுப்பினர் வந்தார். 60 பேரில் ஒருவர் விலகினாலும் மசோதா நின்றுவிடும் என்பதால் ஒவ்வொருவருக்கும் பேரம் பேசும் வலு இருந்தது. ஜோ லீபர்மன் போன்றவர்கள் எதிர்த்ததால் அரசு நடத்தும் காப்பீடு என்ற யோசனையையே கைவிட்டார்கள். இந்தியாவில் கொறடா உத்தரவை மீறினால் பதவி போகலாம், 1985 முதல் சட்டமே இருக்கிறது. அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால்தான் அங்கே தனி உறுப்பினரின் உரையை நாம் உன்னிப்பாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

டிசம்பர் மாத விவாதத்தில் எல்லா உத்திகளையும் பார்க்கலாம். எல்லோருக்கும் ஒரே அரசுக் காப்பீடு என்ற திருத்தத்தை சாண்டர்ஸ் கொண்டுவந்தார். அது 767 பக்கம். அதை முழுவதும் உரக்க வாசித்தே ஆகவேண்டும் என்று டாம் கோபர்ன் வலியுறுத்தினார். எழுத்தர் மணிக்கணக்கில் வாசித்தார். நேரம் போவதைப் பார்த்து சாண்டர்ஸ் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். டிசம்பர் 24 விடிகாலை இறுதி வாக்கெடுப்பு நடந்தது. 60-39 என்று மசோதா நிறைவேறியது. 92 வயது ராபர்ட் பேர்ட் சக்கர நாற்காலியில் வந்து வாக்களித்தார்.

கதை அதோடு முடியவில்லை. 2010 ஜனவரியில் கென்னடியின் இடத்தைக் குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் வென்றதும் 60 என்பது 59 ஆனது. அதனால் செனட் மசோதாவையே பிரதிநிதிகள் சபை 219-212 என்று ஏற்றது. தேவைப்பட்ட மாற்றங்கள் பட்ஜெட் வழியில் தனியாகப் போயின. அந்த வழியில் விவாதத்துக்கு நேர வரம்பு உண்டு, எளிய பெரும்பான்மையே போதும். செனட்டில் 56-43 என்று அது நிறைவேறியது. 2010 மார்ச் உரைகளில் எல்லாரும் "ரீகன்சிலியேஷன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பது இதைத்தான்.

அப்போ உரையால ஓட்டு மாறவே மாறாதா?

அதே நாளில், அதே அவையில் மாறுவது மிக அபூர்வம். ஆனால் வாக்கெடுப்புக்கு முந்தைய வாரங்களில் உரைக்கு நிஜமான வேலை இருக்கிறது. 1987 ஜூலை 1 அன்று ரொனால்டு ரீகன், ராபர்ட் போர்க்கை உச்ச நீதிமன்றத்துக்கு அறிவித்தார். ஒரு மணி நேரத்துக்குள் டெட் கென்னடி எழுந்து, போர்க் நீதிபதியானால் அமெரிக்கா எப்படி இருக்கும் என்று கடுமையாக ஒரு சித்திரம் வரைந்தார். அது நியாயமான சித்திரமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. என் பார்வையில் அதில் மிகை இருந்தது. ஆனால் விசாரணை தொடங்கும்வரை எதிர்ப்பாளர்கள் ஒன்றுகூட அது நேரம் வாங்கிக்கொடுத்தது. அக்டோபரில் 42-58 என்று போர்க் தோற்றார்.

இன்னொரு வகை, முடிவை விளக்கும் உரை. 2018 அக்டோபரில், உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழியப்பட்ட பிரெட் கவனாவை ஏன் ஆதரிக்கிறேன் என்று சூசன் காலின்ஸ் முக்கால் மணி நேரம் விளக்கினார். அடுத்த நாள் 50-48 என்று கவனா தேறினார். மூன்றாவது வகை, முன்னெச்சரிக்கை. 2017 ஜூலை 25 அன்று மூளைப் புற்றுநோய் அறுவை முடிந்து திரும்பிய ஜான் மெக்கெய்ன், குழு விசாரணை இல்லாமல் ஒபாமாகேரை நீக்கும் மசோதாவைக் கொண்டுவருவது தவறு என்று பேசினார். அன்று விவாதத்தைத் தொடங்கத்தான் அவர் வாக்களித்தார். மூன்று நாள் கழித்து நள்ளிரவுக்குப் பின் கட்டைவிரலைக் கீழே காட்டி மசோதாவைத் தோற்கடித்தார், 49-51. உரையைக் கவனமாகக் கேட்டவர்களுக்கு அது முழு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

நிதிச் சீர்திருத்த உரைகள் தலையும் புரியல காலும் புரியல. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

பொதுவான ஆதரவு உரை, எதிர்ப்பு உரையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். "வால் ஸ்ட்ரீட் பேராசை", "அரசின் தலையீடு" என்று சுற்றிச்சுற்றி வரும். திருத்தங்கள் மீதான விவாதத்தைப் படியுங்கள். அங்கேதான் ஒவ்வொருவரும் எந்த இடத்தில் கோடு போடுகிறார்கள் என்று தெரியும்.

பின்னணி இதுதான். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் சரிந்தது. அரசு 70,000 கோடி டாலர் வரை மீட்புத் திட்டத்துக்கு அனுமதி பெற்றது. இனி இப்படி நடக்கக்கூடாது என்று கிறிஸ் டாட் செனட்டிலும் பார்னி ஃபிராங்க் பிரதிநிதிகள் சபையிலும் மசோதாவை நடத்திச் சென்றார்கள். 2010 ஏப்ரல் இறுதியில் விவாதத்தைத் தொடங்கவே 60 கிடைக்காமல் மூன்று நாள் அடுத்தடுத்து முயற்சி தோற்றது. பிறகு எதிர்க்கட்சி விட்டுக்கொடுத்தது.

அந்த விவாதத்தில் நான் முதலில் பரிந்துரைப்பது டெட் காஃப்மன் உரைகளை. ஜோ பைடன் துணை ஜனாதிபதியானதும் அவருடைய இடத்துக்கு நியமிக்கப்பட்டவர். அடுத்த தேர்தலில் நிற்கப் போவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். வங்கிகளிடம் நன்கொடை கேட்க வேண்டிய தேவையும் இல்லாததால் வாரக்கணக்கில் ஒரே விஷயத்தைப் பொறுமையாக விளக்கினார். விழுந்தால் நாட்டையே இழுத்துக்கொண்டு விழும் அளவுக்கு ஒரு வங்கி ஏன் வளர வேண்டும் என்பதுதான் அவருடைய கேள்வி. ஷெராட் பிரவுனுடன் சேர்ந்து வங்கிகளின் அளவுக்கு உச்சவரம்பு வைக்கும் திருத்தம் கொண்டுவந்தார். மே 6 அன்று அது 33-61 என்று தோற்றது. குடியரசுக் கட்சியில் சிலர் ஆதரித்தார்கள், ஜனநாயகக் கட்சியில் ஏறக்குறையப் பாதிப்பேர் எதிர்த்தார்கள். மசோதாவின் பெயரிலேயே ('டாட்-ஃபிராங்க்') இருக்கும் டாட்டும் எதிர்த்தார். யார் எந்தக் கட்சி என்று மட்டும் பார்த்தால் இந்த விவாதம் விளங்காது. ஜூலை 15 இறுதி வாக்கெடுப்பு 60-39. அதிலும் ஜனநாயகக் கட்சியின் ரஸ் ஃபைன்கோல்ட் எதிர்த்து வாக்களித்தார். சட்டம் போதிய அளவு கடுமையாக இல்லை என்பது அவருடைய காரணம்.

நீதிபதியை ஜனாதிபதிதானே நியமிக்கிறார், செனட்டர்கள் எதுக்கு நாள்கணக்கா பேசணும்?

ஜனாதிபதி பெயரை முன்மொழியத்தான் முடியும். செனட்டின் சம்மதம் வேண்டும் என்பது அரசமைப்பின் இரண்டாம் பிரிவிலேயே இருக்கிறது. கூட்டாட்சி நீதிபதிகளின் பதவி ஆயுள்காலத்துக்கு. அதனால் ஒரு வாக்கின் விளைவு முப்பது ஆண்டு நீடிக்கலாம். கேள்வி கேட்பதெல்லாம் நீதித்துறைக் குழுவில் நடக்கும். அவையில் பேசுவது பெரும்பாலும் "நான் இப்படி வாக்களிக்கிறேன், காரணம் இது" என்ற அறிவிப்பு.

எண்ணிக்கையைப் பாருங்கள். 1986இல் அந்தோனின் ஸ்காலியா 98-0, 1993இல் ரூத் கின்ஸ்பர்க் 96-3. 2009இல் சோனியா சோட்டோமேயர் 68-31, 2010இல் எலினா கேகன் 63-37. 2022இல் கெட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் 53-47. இந்தச் சரிவோடு உரைகளின் தொனியும் மாறியது. முன்பு தகுதி, நேர்மை, அனுபவம் பற்றிப் பேசினார்கள். பிறகு இந்த நீதிபதி எந்த வழக்கில் எந்தப் பக்கம் சாய்வார் என்பதே பேச்சானது.

ஸ்ரீ ஸ்ரீநிவாசன் நம்ம ஊர்க்காரர்னு சொல்றாங்களே, அவருக்கும் இப்படிச் சண்டை நடந்துதா?

அவர் பிறந்தது சண்டிகரில், தந்தையின் ஊர் திருநெல்வேலிக்கு அருகில். வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒபாமா அவரை முன்மொழிந்தார். 2013 மே 23 அன்று 97-0 என்று தேறினார். சண்டையே இல்லை. 2020 முதல் அந்த நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியும் அவர்தான்.

ஆனால் அவருக்குப் பிறகு அதே நீதிமன்றத்தில் மூன்று இடங்கள் காலியாக இருந்தன. அந்த மூன்றுக்கும் வந்த பெயர்கள் அந்த இலையுதிர்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் பாதிக்கு மேல் ஆதரவு இருந்தும் 60 எட்டவில்லை. அந்த நீதிமன்றத்துக்கு வேலைப்பளு குறைவு, இருக்கும் எட்டு நீதிபதிகளே போதும் என்றது ஒரு தரப்பு. நீதிபதிகளின் எண்ணிக்கையைச் சட்டம் பதினொன்று என்று வைத்திருக்கும்போது ஜனாதிபதியின் உரிமையைப் பறிக்கிறீர்கள் என்றது மறுதரப்பு. அதன் முடிவு அடுத்த பதிலில்.

'நியூக்ளியர் ஆப்ஷன்'னு அடிக்கடி வருதே?

2013 நவம்பர் 21 அன்று ஹாரி ரீட் தலைமையில் ஜனநாயகக் கட்சி, நியமனங்களுக்கு 60 தேவையில்லை, எளிய பெரும்பான்மை போதும் என்று 52-48 வாக்கில் நடைமுறையை மாற்றியது. இப்படி மாற்றுவதற்குத்தான் அந்தப் பெயர். உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் விலக்கு. 2017 ஏப்ரலில் மிட்ச் மெக்கானல் தலைமையில் குடியரசுக் கட்சி அந்த விலக்கையும் நீக்கியது. அடுத்த நாள் நீல் கோர்சச் 54-45 என்று தேறினார். சாதாரண மசோதாக்களுக்கு 60 இன்னும் தொடர்கிறது. எனவே நீதிபதி நியமனம் பற்றிய உரையை எடுத்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். 2013க்கு முன் "தடுப்போம்" என்றால் தடுக்க முடியும். இப்போது அது எதிர்ப்பைப் பதிவு செய்வது மட்டுமே.

அவையில என்ன வேணும்னாலும் பேசலாமா? அவதூறு வழக்கு வராதா?

வராது. காங்கிரஸில், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தில், பேசிய பேச்சுக்கு வேறெங்கும் கேள்வி கேட்க முடியாது என்று அரசமைப்பின் முதல் பிரிவு சொல்கிறது. இந்தியாவின் 105ஆம் பிரிவு போலத்தான். ஆனால் பாதுகாப்பு அவைக்குள் மட்டும். அரசுப் பணம் வீணாகிறது என்று செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மயர் ஒரு ஆராய்ச்சியாளரைச் சாடினார். 1979இல் உச்ச நீதிமன்றம் அவை உரைக்குப் பாதுகாப்பு உண்டு, அதையே செய்தி அறிக்கையாகவும் மடலாகவும் அனுப்பியதற்குக் கிடையாது என்று தீர்ப்பளித்தது.

உள்ளுக்குள் இன்னொரு கட்டுப்பாடு, செனட்டின் 19ஆம் விதி. சக உறுப்பினர் மீது இழிவான நோக்கம் கற்பிக்கக் கூடாது. 2017 பிப்ரவரியில் ஜெஃப் செஷன்ஸை அட்டர்னி ஜெனரலாக்கும் விவாதத்தில் எலிசபெத் வாரன் ஒரு கடிதத்தை வாசித்தார். செஷன்ஸ் 1986இல் நீதிபதி பதவிக்கு முன்மொழியப்பட்டபோது அதை எதிர்த்து மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவி கொரெட்டா எழுதியது அது. 19ஆம் விதியைச் சொல்லி 49-43 வாக்கில் வாரனை உட்கார வைத்தார்கள். பின்னர் ஆண் செனட்டர்கள் சிலர் அதே கடிதத்தை வாசித்தார்கள், யாரும் தடுக்கவில்லை. அன்று நடந்தது அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அவைக்குறிப்பில இருக்கறதெல்லாம் உண்மையில பேசினதுதானா?

முழுவதும் அல்ல. 1873 முதல் வெளிவரும் காங்கிரஷனல் ரெக்கார்டில் பேசியதைத் திருத்தவும் நீட்டவும் உறுப்பினருக்கு அனுமதி உண்டு. பேசாமலே எழுதிக் கொடுத்ததும் அச்சாகும். செனட் பகுதியில் அப்படிப்பட்டதற்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி இருக்கும். பிரதிநிதிகள் சபைப் பகுதியில் எழுத்துருவே மாறும். பக்க எண்ணின் முன் 'எஸ்' இருந்தால் செனட், 'ஹெச்' இருந்தால் பிரதிநிதிகள் சபை. 'ஈ' இருந்தால் பிற்சேர்க்கை, பெரும்பாலும் அவையில் பேசப்படாதது. மேற்கோள் எடுக்கும் மாணவர்கள் இதைக் கவனிக்காமல் "அவையில் முழங்கினார்" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஒரே ஆள் அப்போ ஒண்ணு சொன்னார், இப்போ தலைகீழா சொல்றார். எதை நம்புறது?

வாக்கை நம்புங்கள், உரையை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2016 பிப்ரவரியில் ஸ்காலியா இறந்தார். தேர்தல் ஆண்டில் நியமனம் கூடாது என்று குடியரசுக் கட்சி, அந்த இடத்துக்கு ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டுக்கு விசாரணைகூட நடத்தவில்லை. நீதித்துறைக் குழுவில் அந்தக் கட்சியின் லிண்ட்சே கிரஹாம், நாளை எங்கள் ஜனாதிபதிக்கும் இதே நிலை வந்தால் என் வார்த்தைகளை எனக்கு எதிராகவே பயன்படுத்துங்கள் என்றார். 2020 செப்டம்பரில் கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு எட்டு நாள் முன்பு, டிரம்ப் முன்மொழிந்த ஏமி பாரெட் 52-48 என்று தேறினார். கிரஹாம்தான் அப்போது நீதித்துறைக் குழுவின் தலைவர்.

மறுபக்கமும் இதே கதைதான். 2005இல் நியூக்ளியர் ஆப்ஷனை எதிர்த்து உருக்கமாகப் பேசிய ஜனநாயகக் கட்சியினர் பலர் 2013இல் அதற்கே வாக்களித்தார்கள். 2013இல் எதிர்த்த மெக்கானல் 2017இல் தானே செய்தார். எல்லோரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. கார்ல் லெவின் 2013இல் தன் கட்சிக்கு எதிராகவே பேசி எதிராகவே வாக்களித்தார். அப்படிப்பட்டவர்களின் உரையைத் தேடிப் படிப்பதில்தான் எனக்கு ஆர்வம்.

ஒரு நிமிஷ க்ளிப் வந்தா எப்படிச் சரிபார்க்கணும்?

முதலில் தேதியைக் கண்டுபிடியுங்கள். பிரதிநிதிகள் சபைக்கு 1979 முதலும் செனட்டுக்கு 1986 முதலும் தொலைக்காட்சிப் பதிவு உண்டு. அவை நடவடிக்கைகளை ஒளிபரப்பும் சி-ஸ்பான் தொலைக்காட்சியின் காணொளிக் காப்பகத்தில் பேசுபவர் பெயரையும் மாதத்தையும் போட்டால் முழு உரை பெரும்பாலும் கிடைத்துவிடும். அப்புறம் காங்கிரஸின் அதிகாரபூர்வத் தளத்தில் அந்த நாளின் அவைக்குறிப்பைத் திறந்து, க்ளிப்புக்கு முன்னும் பின்னும் ஒரு பக்கமாவது படியுங்கள். யாருக்குப் பதிலாகப் பேசினார் என்பது அங்கேதான் இருக்கும். வெட்டியெடுத்த க்ளிப்பில் முதலில் காணாமல் போவது அதுதான்.

கடைசியாக, அதே விஷயத்தில் நடந்த வாக்கெடுப்புப் பட்டியலைத் திறந்து அந்தப் பெயரைத் தேடுங்கள். அது குளோச்சர் வாக்கா, திருத்தத்தின் மீதான வாக்கா, இறுதி வாக்கா என்பதையும் பாருங்கள். மேலே சொன்ன குரூஸ் கதை போல, பேசியது ஒரு பக்கமும் வாக்கு இன்னொரு பக்கமும் இருக்க, அதற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் பேசியவர் பெயரையும் தேதியையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து தேடலாம்.